மணல் வாளி

அந்தத் துப்பாக்கிக் கடையில் கண்ணாடி அலமாரிக்குக் கீழே நீல நிறத்தில் ஒரு பெயின்ட் வாளி இருக்கும். இருபது லிட்டர் வாளி. கழுத்துவரை சலித்த ஆற்று மணல். புதிதாக வருகிறவர்கள் அதைத் தீயணைக்க வைத்தது என்று நினைப்பார்கள். வெற்றிலை போடுகிறவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள். அவர்களுக்காகவே 'எச்சில் துப்பக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தது.

வாளியை வைத்தவர் கடையில் வேலை பார்த்த ஓர் அம்மாள். அவருக்கும் என் வயதுதான் இருக்கும், ஐம்பதை ஒட்டி. ஜவ்வாது மலைக்காரர். சாமை போடுகிற குடும்பம். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் டவுனுக்கு இறங்குவார், சனிக்கிழமை மாலை பஸ்ஸில் மலையேறுவார். நடுவில் ஐந்தரை நாள் துப்பாக்கிகளைத் துடைப்பார், பழுது பார்ப்பார், வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து லைசென்ஸ் தாள்களைப் பார்ப்பதோடு சரி. எந்தத் துப்பாக்கி யாருக்கு என்பதெல்லாம் இவர் பொறுப்பு.

பெயரை எழுதவில்லை. நான் தினமும் டைரி எழுதுகிறவன் என்று தெரிந்ததும் அவரே சொன்னது இது: "எழுதறதுன்னா என் பேரப் போடாதீங்க சார். நாளைக்கே நான் ஒரு தப்புப் பண்ணுவேன். அப்பால உங்க நோட்டு கெட்டுடும்."

யாரும் எதைப் பற்றியும் நிச்சயம் என்று சொல்ல அவருக்குப் பொறுக்காது. மனிதர்களைப் பற்றியும் இல்லை, இரும்பைப் பற்றியும் இல்லை, தன்னைப் பற்றி இல்லவே இல்லை. "பஸ் அஞ்சு மணிக்கு நிச்சயம் வரும்மா" என்று யாராவது சொன்னால், "வந்தா வர்ட்டும்" என்பார்.

நான் அந்தக் கடைக்குப் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் நில அளவையாளன். எங்கள் வீடும் நிலமும் மலை மேல், தார்ச்சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே. பட்டா நிலத்தில் முறைப்படி பதிந்து சந்தன மரம் வளர்த்துவந்தேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் மூன்று மரங்கள் அடிக்கட்டையாக நின்றன. புகார் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, பட்டப்பகலில், ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் பைக்கில் வந்து வாசலில் நிறுத்தினார்கள். வெளியே காயப்போட்டிருந்த புளியை என் மனைவி கிளறிக்கொண்டிருந்தாள். "சாரு ஸ்டேஷனுக்குப் போறத நிறுத்தச் சொல்லுங்க. அடுத்த தடவ மரத்தோட நிக்காது" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் தற்காப்புக்கு என்று லைசென்ஸுக்கு எழுதிப்போட்டேன். டவுனிலிருந்த சுடும் பயிற்சிக் கழகத்தில் ஏற்கெனவே ஞாயிறுதோறும் குறி சுட்டுக்கொண்டிருந்ததால் அதையும் காரணமாகச் சேர்த்தேன். விசாரணை எல்லாம் முடிந்து கைக்கு வர இரண்டு வருடம் நான்கு மாதம் ஆயிற்று.

அந்த இரண்டு வருடத்தில் நான் ஒரு அட்டவணை போட்டிருந்தேன். ரிவால்வர், அரைத் தானியங்கிப் பிஸ்டல், குறி சுட மட்டும் உதவும் சின்னக் குண்டுப் பிஸ்டல். எடை, குழல் நீளம், எத்தனை தோட்டா, விசையின் கனம், குறிமுள்ளை நகர்த்த முடியுமா, கழற்றித் துடைக்க எவ்வளவு நேரம் என்று ஆறு பத்திகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண். கூட்டினால் பிஸ்டல் முதலிடம். கடைக்குப் போன முதல் நாளே அதை எடுத்து அவரிடம் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். ஒரு வரியையும் விடவில்லை.

"எல்லாம் கீது சார். இதுல உங்க கை எங்க கீது?"

எனக்குப் புரியவில்லை. கையை நீட்டச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பது போலத் திருப்பிப் பார்த்தார். ஒரு பிஸ்டலை எடுத்தார். எடுத்தால் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றினார். பிறகு மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, உள்ளே தோட்டா உட்காரும் குழியைக் கண்ணால் பார்த்தார். அடுத்து கண்ணை மூடிக்கொண்டு சுண்டு விரலை விட்டுத் தடவினார். கடைசியில் அதை என் பக்கம் நீட்டி, "நீங்க பாருங்க" என்றார்.

"நீங்கதான் பார்த்துட்டீங்களே" என்றேன்.

"என் கண்ணு, அது எதைப் பார்க்கணும்னு நெனைக்குதோ அதைத்தான் பார்க்கும். அதுக்குத்தான் விரலு. விரலும் பழகிப்போச்சு. அதுக்குத்தான் நீங்க."

பார்த்தேன். காலிதான். அதற்குப் பிறகுதான் கையில் கொடுத்தார். சுட்டு விரலின் நுனிச் சதை விசையில் எங்கே படிகிறது என்று குனிந்து பார்த்தார். கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, என் மரங்களைப் பற்றி, மழையைப் பற்றி, மனைவியின் பள்ளிக்கூட வேலையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். பேசப் பேச என் கை தாழ்ந்தது. எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. ஸ்லைடை இழுக்கச் சொன்னார். கம்பிச்சுருள் கெட்டி. இரண்டாவது முயற்சியில்தான் முழுவதும் வந்தது. பிறகு ரிவால்வரைக் கொடுத்தார். அது கையில் வந்து தானாக உட்கார்ந்தது.

"டேபிள்ல பிஸ்டல் ஜெயிச்சிருக்குது. கையில ரிவால்வர் ஜெயிக்குது" என்றார்.

"ரிவால்வரின் விசை கனம். குறி விலகும். எனக்கு இரண்டுக்கும் ஆகணும், குறிக்கும் காவலுக்கும்."

"ரெண்டுக்கும் ஒண்ணுன்னா ரெண்டுலயும் கொஞ்சம் கொறையும். ரிவால்வர் பக்கவாட்டுல தொறந்துக்கும். ஆறு ஓட்டையும் ஒரே பார்வையில தெரியும், மறைக்காது. பிஸ்டல் அப்படி இல்ல. ஒவ்வொரு தடவையும் நீங்கதான் அமுக்கணும், ஆனா அடுத்த தோட்டாவ இதுவே எடுத்து வெச்சுக்கும். நீங்க கேக்காமலே ஒண்ணு ரெடியா கீது. அதான் இதோட கொணம். பழகினவங்களையும் ஏமாத்தும்."

யோசித்து வரச் சொன்னார். விற்கிற கடையில் யோசித்து வரச் சொன்னது அதுதான் முதல் முறை. முதலாளி கல்லாவிலிருந்து ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்கு அது பழக்கம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில், மலைக்குப் போகாத வாரங்களில், அவர் பயிற்சிக் கழகத்துக்கு வருவார். கழகத்தின் துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்ள முதலாளி அனுப்புவார். சுட ஆரம்பிக்கும் முன் அவர் இலக்குப் பலகைகளைத் தாண்டி, குண்டுகளை வாங்கிக்கொள்ளும் மண்மேடு வரை தனியாக நடந்து போவார். மேட்டின் மேலே ஏறி அந்தப் பக்கம் பார்ப்பார். திரும்பி நடந்து வருவார். போக வர ஏழு நிமிடம். வெயிலில் நாங்கள் காத்திருப்போம்.

"இன்னாக்கா, போன வாரம் வெச்ச மண்ணு ஓடியா போயிருக்கும்?" என்று அரிசி ஆலைக்காரர் ஒருவர் வாராவாரம் கேட்பார்.

"மண்ணு ஓடாது சார். மண்ணுக்குப் பின்னால இன்னா கீதுன்னு பார்த்துட்டு வர்றேன்."

"இன்னா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

நான் குறித்து வைத்திருக்கிறேன். ஆலைக்காரர் கேட்க, அவர் போய்ப் பார்த்த ஞாயிறுகள் நாற்பத்தொன்று. ஒரு தடவைகூட அங்கே ஆளோ ஆடோ இருந்ததில்லை. நாற்பத்திரண்டாவது ஞாயிறும் போனார். அதே ஏழு நிமிடம். அன்று ஆலைக்காரர் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாள் திரும்பி வரும்வரை வெயிலில் நின்றார்.

அம்மாள் சுட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. புதிதாக வந்த சின்னக் குண்டுப் பிஸ்டலின் குறிமுள்ளைச் சரிபார்க்க ஐந்து சுட்டார். ஒரு கையை நீட்டி, மறு கையை முந்தானையோடு இடுப்பில் வைத்துக்கொண்டு, மூச்சை விட்டுப் பாதியில் நிறுத்தி. தாளை எடுத்து வந்து பார்த்தோம். ஐந்துக்கும் சேர்த்து ஒரு ஓட்டை, ஓரம் கொஞ்சம் கிழிந்து, சோளப் பொரி அளவு. அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். "முள்ளு எடதுபக்கம் ஒரு நூலு போவுது" என்று அவர் குறைதான் சொன்னார்.

இன்னொன்றும் நான் நேரில் பார்த்தது. எங்கள் மலையில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் நிறைய. தானாகக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்று ஸ்டேஷனில் தண்டோரா போட்டிருந்தார்கள். வருகிற துப்பாக்கிகளைப் பார்த்து வாங்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். கடை வாளியைப் பஸ்ஸிலேயே கொண்டுவந்தார். கண்டக்டர் என் காதுபடவே கேட்டார்: "இன்னாக்கா, மலையில மண்ணுக்குப் பஞ்சமா?"

"மலை மண்ணுல கல்லு கலந்து கீது தம்பி. கல்லு குண்டைத் திருப்பி அடிக்கும்."

சாமைக்காட்டுப் பெரியவர் ஒருவர் கோணியில் சுற்றி ஒரு நீளத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். முன்வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடிக்கிற வகை. "எங்கப்பன் செத்து இருவது வருசம். அதுக்கப்புறம் யாரும் தொடல. சும்மா தொங்குச்சு. காலிம்மா, நிச்சயமா காலி" என்றார்.

அம்மாள் அதைக் கையில் வாங்கினார். துப்பாக்கியை வாளிப் பக்கம் சாய்த்து வைத்தார். ஒரு மூங்கில் குச்சியைக் குழலுக்குள் முட்டும்வரை மெதுவாக விட்டு, வாயோரத்தில் கட்டைவிரலால் பிடித்தார். வெளியே எடுத்து, குழலின் மேலேயே அதே அளவுக்கு வைத்துக் காட்டினார். குச்சி அடிவரை போய்ச் சேரவில்லை. நான்கு விரல் குறைந்தது.

"உங்கப்பாரு வெச்சது இன்னும் உள்ள கீதுங்க."

பெரியவர் குச்சியையே பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டார். "அதுக்குக் கீழதாம்மா பேரப்புள்ளைக்கு ஏணை கட்டினோம்" என்றார். ஏணை என்றால் சேலைத் தொட்டில். அவர் பெரியவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

அன்று மாலை பஸ்ஸுக்காக நின்றபோது கேட்டேன், இந்தப் பழக்கமெல்லாம் எங்கே வந்தது என்று. சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க வூட்லயும் ஒண்ணு தொங்குச்சு சார். காலின்னு எல்லாருக்கும் தெரியும். எங்க தம்பிக்கும் தெரியும்."

டைரியில் அந்த மூன்று வாக்கியங்களும் அப்படியே இருக்கின்றன.

நான் மூன்று முறை போய் யோசித்து, கடைசியில் பிஸ்டலையே தேர்ந்தேன். பத்து மீட்டரில் என் கைக்கு அது ரிவால்வரைவிட நெருக்கமாகச் சுட்டது. எட்டுத் தோட்டா என்பதும் ஒரு காரணம். பைக்கில் வந்தவர்கள் இரண்டு பேர். மறுப்புச் சொல்லாமல் எடுத்து வைத்தார். பெட்டியை மூடும் முன், வாங்குகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார்.

"கடைசியா எப்ப சார் தப்புப் பண்ணீங்க?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. யோசித்தேன். என் தொழிலில் ஒரு அங்குலம் தவறினால் இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும். இரண்டு தடவை அளக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. "நினைவு இல்லை. டைரியைப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

"நீங்க எப்ப பண்ணீங்க?" என்று திருப்பிக் கேட்டேன்.

"இன்னைக்குக் காலையில. குடைய பஸ்ஸுலயே வுட்டுட்டேன்."

வீட்டுக்குப் போய் அந்த வருட டைரியையும் அதற்கு முந்தைய வருட டைரியையும் புரட்டினேன். தவறு என்று எதுவும் இல்லை. அடுத்த முறை போனபோது கொஞ்சம் பெருமையோடுதான் அதைச் சொன்னேன். அவர் முகம் மலரவில்லை. துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். "பார்த்துக்குங்க சார்" என்றார். ஒரு நோயாளியின் தாளைப் படித்துவிட்டு டாக்டர் சொல்வது போல இருந்தது.

அடுத்த வருடம் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், முடிந்த பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எங்கள் மலை ஸ்டேஷனில் ஒப்படைக்கிற நாளுக்கு அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். வாளியும் வந்திருந்தது.

அன்று செங்கத்தில் எங்கள் உறவில் ஒரு கல்யாணம். துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு அப்படியே போகலாம் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். முகூர்த்தத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான் இருந்தது. காட்டு வழியில் வர வேண்டியிருந்ததால் மேகசினில் தோட்டாக்களைப் போட்டே கொண்டுவந்தேன். சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியில், எதுவும் இல்லை. அது என் வழக்கம். ஒப்படைக்கும் படிவத்தை வீட்டிலேயே நிரப்பியிருந்தேன்: பிஸ்டல் ஒன்று, மேகசின் ஒன்று, தோட்டா எட்டு.

ஸ்டேஷனில் ஒரு நீள அறை. நடுவில் பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் மேசை, ஏட்டு, துப்பாக்கி கொண்டுவந்த ஏழெட்டுப் பேர். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை. மனைவி வெளியே மரத்தடியில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தது. கடை அம்மாள் பக்கத்து மேசையில் வேறு ஒருவரின் இரட்டைக் குழலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஸ்லைடை இழுத்தேன், உள்ளே பார்த்தேன், காலி. விட்டேன். மேகசினைக் கழற்றி ஏட்டிடம் கொடுத்தேன். இரண்டு வேலையும் முடிந்தது.

முடிந்த வரிசைதான் தவறு. மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்துவிட்டால், அது திரும்பிப் போகும்போது மேல் தோட்டாவைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சேம்பரில் வைத்துவிடும். அப்புறம் மேகசினைக் கழற்றினால் கழற்றியதாகத்தான் இருக்கும். அவர் சொன்னது போல, நான் கேட்காமலே ஒன்று ரெடியாக இருந்தது. இதை நான் நூறு தடவை சரியான வரிசையில் செய்திருக்கிறேன்.

ஏட்டு மேகசினிலிருந்து தோட்டாக்களைத் தள்ளித் தாளின் மேல் அடுக்கினார். "சார், ஏழுதான் கீது."

"எட்டு. சரியா எண்ணுங்க" என்றேன்.

"எண்ணிட்டேன் சார், ஏழு."

"படிவத்துல எட்டுன்னு எழுதியிருக்கேன் இல்ல? கீழ எங்கயாவது உருண்டிருக்கும். நிச்சயமா எட்டு."

ஏட்டு மேசைக்கு அடியில் குனிந்தார். பிஸ்டலின் பின்னாலிருக்கும் சுத்தியல் இன்னும் தூக்கியபடி இருந்தது. விசையை ஒரு தடவை அமுக்கி அதை இறக்கிக் கொடுப்பது வழக்கம். ஆளில்லாத பக்கம் என்று நினைத்துத் தடுப்பை நோக்கித் திருப்பினேன்.

"சார்." அம்மாளின் குரல். சத்தமாக இல்லை. "பின்னால இன்னா கீது?"

"பலகை."

"பலகைக்குப் பின்னால?"

அவர் நிமிரக்கூட இல்லை. காலால் வாளியைத் தள்ளினார். அது சிமென்ட் தரையில் கரகரவென்று வந்து என் முழங்கால் பக்கம் நின்றது.

"இதுக்குள்ள அமுக்குங்க."

"காலிம்மா. இப்பத்தானே நானே பார்த்தேன்."

"பார்த்தீங்க சார். இதுக்குள்ள அமுக்குங்க."

எரிச்சலாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் என்னைப் புதிய ஆள் போல நடத்துகிறாரே என்று. வாதாட நேரமில்லை. கல்யாணத்துக்குப் போக வேண்டும். வாளிப் பக்கம் திருப்பி அமுக்கினேன்.

அந்த அறையில் அது வெடித்த சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை. மணல் என் முகத்தில் அடித்தது. ஏட்டு மேசைக்கு அடியிலேயே இருந்துவிட்டார். காது இரண்டும் ரீங்கரித்தன. அந்த ரீங்காரத்துக்கு நடுவே தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. என்னைக் கூப்பிட்டு, "என்னங்க? என்னங்க ஆச்சு?" என்று. என் மனைவியின் குரல்.

வெயில் தாங்காமல் அவள் உள்ளே வந்து, அந்தப் பக்கம் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, தடுப்பில் தலையைச் சாய்த்திருந்தாள்.

அம்மாள்தான் முதலில் அசைந்தார். என் கையிலிருந்து பிஸ்டலை வாங்கினார். ஸ்லைடை இழுத்து நிறுத்தினார், கண்ணால் பார்த்தார், கண்ணை மூடிச் சுண்டு விரலால் தடவினார். பிறகு, அத்தனை களேபரத்திலும், அதை என் பக்கம் நீட்டினார்.

"நீங்க பாருங்க."

பார்த்தேன். கண்ணில் நீர் நிறைந்து எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். "அப்ப இருங்க" என்று சொல்லி, தெரிகிறவரை நீட்டிக்கொண்டே நின்றார்.

பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். அன்று அதை எடுத்து அளந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் நின்ற இடம், என் கை இருந்த உயரம், குழல் சாய்ந்திருந்த சாய்வு. கோடு தடுப்பைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு அந்தப் பக்கம் போய் அதே உயரத்தைப் பிடித்தேன். பல வருடங்களாகப் பல பேர் தலை சாய்த்துப் படிந்த எண்ணெய்க் கறை அங்கே வட்டமாக இருந்தது. என் புள்ளி அந்தக் கறைக்குள் விழுந்தது. மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

சப் இன்ஸ்பெக்டர் கத்தினார். கத்தத்தான் வேண்டும். நடந்ததை வரிசைப்படி நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலில் ஸ்லைடு, பிறகு மேகசின், தவறு என்னுடையது, தோட்டா ஏழு என்று ஏட்டு சொன்னது சரி. முகூர்த்தம் முடிந்துவிட்டிருந்தது.

அம்மாளிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "உள்ளே ஒன்று இருக்கிறது என்று ஏன் சொல்லவில்லை?"

"எனக்குத் தெரியாதே சார்."

"ஏழு என்று ஏட்டு சொன்னது காதில் விழவில்லையா?"

"விழுந்துச்சு. ஏட்டு தப்பா எண்ணியிருக்கலாம். நீங்க வூட்ல தப்பா எண்ணியிருக்கலாம். எனக்கு இன்னா தெரியும்? தெரியாததாலதான் வாளி. சொல்லியிருந்தா நீங்க இல்லன்னு சொல்லுவீங்க. துப்பாக்கிய கையில வெச்சுக்கினு இல்லன்னு சொல்றவங்ககிட்ட வாய் குடுக்கக் கூடாது சார். மொதல்ல திருப்பிவுடணும்."

மணலில் கைவிட்டுத் துழாவிக் குண்டை எடுத்து ஏட்டிடம் கொடுத்தார். வாளியில் ஒரு விரிசல் விட்டிருந்தது. "இது இங்கயே கெடக்கட்டும். தேவப்படும்" என்று மூலையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். லைசென்ஸ் போய்விடும் என்றே இருந்தேன். எழுதியதையே திரும்ப எழுதினேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். தேர்தல் முடிந்து பிஸ்டலைத் திரும்ப வாங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்குப் போனேன். பெட்டியைக் கண்ணாடி மேல் வைத்தேன்.

"இதை வேறு யாருக்காவது மாற்றிவிடுங்கள். எனக்குத் தகுதி இல்லை."

அலமாரிக்கு அடியில் புதிதாக ஒரு வாளி இருந்தது. அவர் பெட்டியைத் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னை அன்றுதான் முதலில் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கடைசியா எப்ப சார் தப்புப் பண்ணீங்க?"

தேதி சொன்னேன். கிழமை சொன்னேன். காலை ஒன்பது ஐம்பது என்றேன். "மேகசினுக்கு முன்னாடி ஸ்லைடு" என்றேன்.

அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மேல் வரிசையில் ஒரு பல் இல்லை. பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப எடுத்துக்குங்க. அன்னைக்கு உங்களுக்குக் குடுத்துட்டு நான் ரெண்டு நாள் தூங்கல. இன்னைக்குத் தூங்குவேன்."

மரம் வெட்டுகிறவர்கள் அதன் பிறகு வரவில்லை. பிஸ்டல் காரணமா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியாது. அவர் கடையை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. ஓசூரில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. என் டைரியில் அப்போதிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் கீழே ஒரு கோடு போட்டு 'இன்றைய தவறு' என்று ஒரு இடம் விட்டிருக்கிறேன். எழுத ஒன்றும் இல்லாத நாள் இதுவரை வரவில்லை.

இதை எழுதி முடித்ததும் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

"வாளி நீலமில்லையே. பச்சை."

"நீலம். பச்சை அப்புறம் கடைக்கு வாங்கினது. எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நானும் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டேன்.

பழைய டைரிகளை எடுத்து வைத்துத் தேடினேன். வாளி பதினோரு இடத்தில் வருகிறது. கொள்ளளவு எழுதியிருக்கிறேன், மணலின் உயரம் எழுதியிருக்கிறேன், விரிசலின் நீளம்கூட எழுதியிருக்கிறேன். நிறம் ஓரிடத்திலும் இல்லை.

முதல் வரியை மாற்றவில்லை. இன்றைய பக்கத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே, 'வாளியின் நிறம்' என்று எழுதினேன். நாளை காலை இருவரும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்ப்பதாக இருக்கிறோம்.